புள்ளியும் உகரமும் தொலைந்த பதிவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது என் வலைப்பதிவை, தளங்களைத் தன் கணினியில் வைத்து இணையத்தில் காட்டும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். அன்றிரவே 86 பதிவுகளும் சிதைந்தன. அந்தச் சிதைவு இரண்டு கட்டமாக நடந்தது. முதல் கட்டம் மென்பொருளால் வந்தது. அதில் ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை, அப்படியே திருப்பியிருக்கலாம். இரண்டாவது கட்டம் என் கையால் நடந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. என்ன நடந்தது, எதை வைத்து மீட்டேன், எது மீளவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழில் எழுதி, சொந்தமாகத் தளம் நடத்தும் எந்த மாணவருக்கும் இது நேரலாம்.

அந்த வலைப்பதிவை 15 வயதில் தொடங்கினேன். முதல் பதிவே நிரல் எழுதக் கற்றதைப் பற்றித்தான். ஒரு லூப்பை நிறுத்தத் தெரியாமல், கணினியின் விசிறி இரைந்துகொண்டே இருக்க, கடைசியில் மின்சாரத்தைத் துண்டித்தேன் என்று எழுதியிருந்தேன். அப்புறம் தமிழ்99 விசைப்பலகையில் தட்டப் பழகியது, தேர்வுக்கு முந்தைய இரவுகள், ஆய்வகத்தில் ஒரு அரைப்புள்ளியைத் தேடி இரண்டு மணி நேரம் போனது என்று என் நாட்கள் எல்லாம் அதில் இருந்தன. என் தங்கை அப்போது மூன்று வயதுக் குழந்தை. நான் தட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் இரண்டு விசைகளை அழுத்துவாள். அவள் சொன்ன சொற்களையும் குறித்து வைத்திருந்தேன். இந்த எழுத்துக்கு வேறு எங்கும் நகல் இல்லை. நேராகத் தளத்திலேயே தட்டி, அங்கேயே வெளியிட்டுப் பழகிவிட்டேன்.

தளத்தை இயக்கியது பிஎச்பி என்ற நிரல்மொழியில் நானே எழுதிய சிறிய நிரல். பதிவுகள் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருந்தன. ஐந்து வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒழுங்காகத் தெரிந்ததே உண்மையில் ஒரு தவறை இன்னொரு தவறு மறைத்ததால்தான்.

முதல் சேதம்

எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரம் யூனிகோட். தமிழ் எழுத்துகளுக்கு அதில் 2944 முதல் 3071 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்களைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையிலான சிறு எண்களாக, எழுதும் முறைகளில் ஒன்று யூடிஎஃப்-8. அந்த முறையில் சேமிக்கும்போது அவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகும். ‘த’வின் எண் 2980, அதன் மூன்று பைட்டுகள் 224, 174, 164. எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதில்தான் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு தெரியும்.

மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில், நாமாக எதுவும் சொல்லாவிட்டால், அட்டவணைகள் லத்தீன்1 என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்தைப் பைட்டாக்கும் முறையில், உருவாகும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஒற்றை பைட் குறியாக்கம் அது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் இந்த இயல்புநிலை யூடிஎஃப்8எம்பி4 என்று, அதாவது முழு யூடிஎஃப்-8 என்று மாறியது. 15 வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. என் நிரல் தமிழை யூடிஎஃப்-8 பைட்டுகளாக அனுப்பியது. டேட்டாபேஸ் அவற்றை லத்தீன் எழுத்துகள் என்று நம்பி வாங்கி வைத்தது. ‘த’ என்ற ஒரு எழுத்து அதன் கணக்கில் மூன்று ஐரோப்பிய எழுத்து. திருப்பிக் கேட்டால் அதே மூன்று பைட்டையும் மாற்றாமல் கொடுத்தது. உலாவி அதை யூடிஎஃப்-8 என்று படித்து ‘த’வைக் காட்டியது. உள்ளே இருப்பது என்ன என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்கும் தெரியாது.

இடம் மாற்ற முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பாக எடுத்தேன். அப்படி எடுக்கும் கருவி, தான் எடுப்பதையெல்லாம் யூடிஎஃப்-8க்கு மாற்றி எழுதும். அது நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்ட இயல்புநிலைதான். ஆனால் லத்தீன் என்று சீட்டு ஒட்டியிருந்த என் பைட்டுகளை அது ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகக் கருதி மாற்றியது. மூன்று பைட் ‘த’ ஆறு பைட் ஆனது. ‘க’ போன்ற சில எழுத்துகள் ஏழு பைட் ஆயின. இதற்கு இரட்டைக் குறியாக்கம் என்று பெயர்.

அந்த நேரத்திலேயே ஒரு தடயம் இருந்தது. கோப்பின் அளவு, பழைய இடத்தின் கட்டுப்பாட்டுப் பக்கம் காட்டிய டேட்டாபேஸ் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. பார்த்தேன், ஆனால் நின்று யோசிக்கவில்லை. பழைய கணக்கை மூடும்படி அன்று மாலையே சொல்லிவிட்டிருந்தேன்.

புதிய சர்வரில் ஏற்றிவிட்டுத் தளத்தைத் திறந்தபோது ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. சாய்கோடு சுமந்த ஓர் ஐரோப்பிய உயிரெழுத்து, அடுத்து வட்டத்துக்குள் அடைபட்ட வணிகக்குறி, அடுத்து ஏதாவது ஒன்று. மறுபடி அதே உயிரெழுத்து, அதே வணிகக்குறி. 224, 174, 224, 174 என்பவை லத்தீன் அட்டவணையில் தெரியும் விதம் இது. தமிழ் இணையத்தில் கொஞ்ச காலமாவது இருந்தவர்கள் இந்தக் கோலத்தை எங்காவது பார்த்திருப்பார்கள்.

இதுவரை நடந்ததில் எதுவும் தொலையவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பைட்டும் ஒரு எழுத்தாக உருமாறி அங்கேயே இருந்தது. அதே வழியில் பின்னோக்கி நடந்தால் போதும்.

இரண்டாவது சேதம்

மறுநாள் காலை உள்மதிப்பீட்டுத் தேர்வு. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலைந்து வரி ஸ்கிரிப்ட் எழுதினேன்: கோப்பைப் படி, ஒவ்வொரு எழுத்தையும் விண்டோஸ்-1252 அட்டவணைப்படி பைட்டாக்கு, கிடைத்ததை யூடிஎஃப்-8 என்று படி. லத்தீன்1 என்ற பெயரில் மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவது உண்மையில் விண்டோஸ்-1252ஐத்தான் என்று எங்கோ படித்திருந்தேன். அது சரியான தகவல்தான். ஆனால் முழுத் தகவல் இல்லை.

ஸ்கிரிப்ட் முதல் பத்தியிலேயே நின்றது. 141 என்ற எண்ணுள்ள எழுத்தைப் பைட்டாக்க முடியாது என்று பிழை காட்டியது. பிழையை வாய்விட்டுப் படித்திருந்தால்கூட ஏதாவது புரிந்திருக்கும். நான் செய்ததோ வேறு. மாற்ற முடியாத இடத்தில் வேறு குறி போட்டுவிட்டு மேலே போ என்று சொல்லும் ‘ரீப்ளேஸ்’ தேர்வைச் சேர்த்தேன். அடுத்த கட்டத்தில், யூடிஎஃப்-8ஆகப் படிக்கும் இடத்தில், இன்னொரு பிழை வந்தது. அங்கேயும் ‘ரீப்ளேஸ்’. இப்போது ஸ்கிரிப்ட் கடைசிவரை ஓடியது. படித்த கோப்பும் எழுதிய கோப்பும் ஒரே பெயர். அதை அப்படியே டேட்டாபேஸில் ஏற்றினேன். அந்த வகைக் கோப்பு, ஏற்கெனவே உள்ள அட்டவணையை நீக்கு என்ற கட்டளையோடுதான் தொடங்கும். ஆக, திருப்பக்கூடிய நிலையில் இருந்த இரண்டு நகல்களும் சில நிமிட இடைவெளியில் போய்விட்டன.

தளத்தைத் திறந்தேன். தமிழ் வந்திருந்தது. ஒரு நொடி மகிழ்ச்சி. அப்புறம் முதல் வரியைப் படித்தேன்.

கருப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி, அதன் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறி. ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் இந்த ஜோடி உட்கார்ந்திருந்தது. அந்த ஜோடிக்குப் பதிலாக இங்கே □ போடுகிறேன். ‘அவர்களுக்கு’ என்ற சொல் இப்படி இருந்தது: அவர□கள□க□க□. ஏழு எழுத்தில் நான்கு காயம்.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. ஆய்வகத்தில் எங்களுக்கு மூத்தவர் ஒருவர். எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். திரையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஃபைலை நகல் எடுத்துட்டு வேலை பாத்தியாம்மா, இல்ல அதிலேயே பாத்தியா?” என்பதுதான்.

“அதிலேயேதான் அண்ணா.”

கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. “சரி. இப்ப இருக்கிறதையாவது தொடாம மூணு இடத்துல வை. அப்புறம் யோசிக்கலாம்” என்றார்.

பிறகு ஒரு தாளில் விண்டோஸ்-1252 அட்டவணையை வரைந்து காட்டினார். 256 கட்டங்களில் ஐந்து காலி: 129, 141, 143, 144, 157. இந்த ஐந்துக்கும் அந்த அட்டவணையில் எழுத்து கிடையாது. மைஎஸ்கியூஎல் இந்தக் காலிக் கட்டங்களை அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறிகளாக எடுத்துக்கொண்டு பத்திரமாகக் கடத்திவிடும். உலாவிகளும் அப்படித்தான் செய்கின்றன. பைத்தான் அட்டவணையை உள்ளபடி மதிக்கிறது. காலி என்றால் காலி. நான் ‘ரீப்ளேஸ்’ சொன்னதால் அந்த ஐந்து பைட்டும் 63ஆக, அதாவது கேள்விக்குறியாக மாறிவிட்டன.

அந்த ஐந்து எண்களும் தமிழில் யார் என்று பார்த்தபோதுதான் நெஞ்சு கனத்தது. யூனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் மெய்க்குப் பின்னால் தனி எண்ணோடு நிற்கும். 224, 175, 141 என்பது புள்ளி. 224, 175, 129 என்பது உகரக் குறி. 224, 174, 143 என்பது ஏ. 224, 174, 144 என்பது ஐ. 157 தமிழ் எழுத்தில் வராது, ஆனால் வளைந்த இரட்டை மேற்கோளின் மூடும் குறி அதில்தான் முடிகிறது. எ பிழைத்தது, ஏ போயிற்று. ஊகாரம் பிழைத்தது, உகரம் போயிற்று. தமிழில் ஒரு வரி எழுதினாலும் தவிர்க்க முடியாத புள்ளியும் உகரமும் அந்த ஐந்து காலிக் கட்டத்தில் இரண்டில் விழுந்திருந்தன. இதை யாரும் திட்டமிடவில்லை. இரண்டு அட்டவணைகளும் ஒன்றையொன்று அறியாமல் உருவானவை.

சரியான வழி எவ்வளவு சிறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இடத்தில் கோப்பை எடுக்கும்போதே லத்தீன்1 என்று குறிப்பிட்டிருந்தால் கருவி எதையும் மாற்றாமல் பைட்டுகளை அப்படியே கொடுத்திருக்கும். அது தவறிய பிறகும், விண்டோஸ்-1252இல் இல்லாத எழுத்து வந்தால் அதன் எண்ணையே பைட்டாக எழுது என்று ஒரே ஒரு நிபந்தனை சேர்த்திருந்தால் முழுதும் திரும்பியிருக்கும். எஃப்டிஎஃப்ஒய் என்ற பைத்தான் நிரலகத்தில் இதற்கென்றே ‘ஸ்லாப்பி விண்டோஸ்-1252’ என்று ஒரு குறியாக்கம் இருக்கிறது. என்னைப்போல் பலர் அந்தக் குழியில் விழுந்ததால்தானே அப்படி ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள்.

பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். கணக்கோடு தரவும் நீக்கப்பட்டுவிட்டது. புதிய இடத்தில் தினமும் நகல் எடுப்பார்கள். ஆனால் முதல் நகல் எடுக்கப்பட்டது நான் அழித்த பிறகு.

என்ன மிச்சம் இருந்தது

ஒரு விஷயம் எனக்குச் சாதகமாக இருந்தது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வடிவமைத்தபோது, நடுவில் ஒரு பைட் கெட்டாலும் அடுத்த எழுத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடிகிற மாதிரி அமைத்தார்கள். அதனால் காயம் பக்கத்து எழுத்துக்குப் பரவவில்லை. க□ என்றால் அங்கே க இருந்தது உறுதி, அதன் மேல் ஏதோ ஒன்று இருந்தது என்பதும் உறுதி. அந்த ஒன்று புள்ளியா உகரமா என்பது மட்டும்தான் தெரியாது.

ஏ, ஐ இரண்டும் உயிரெழுத்து. சொல்லின் முதலில்தான் வரும். புள்ளியும் உகரமும் சொல்லின் முதலில் தனியாக வராது. ஆகவே சொல் □ஆல் தொடங்கினால் அது ஏ அல்லது ஐ. ஐயில் தொடங்கும் சொற்கள் என் எழுத்தில் கொஞ்சம்தான்: ஐந்து, ஐம்பது, ஐயம், ஐகான். மற்றதெல்லாம் ஏ. ‘ஏபிஐ’ என்ற ஒரு சொல் மட்டும் முதலிலும் கடைசியிலும் அடிபட்டு □பி□ என்று நின்றது. அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மேற்கோளின் மூடும் குறியையும் எளிதாகப் பிடிக்கலாம், திறந்த குறி எங்கே இருக்கிறது என்று தெரிவதால்.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. ஒவ்வொரு மெய்யின் மேலும் இருந்தது புள்ளியா, உகரமா?

முதலில் அகராதி வழியில் போனேன். தமிழ் விக்கிப்பீடியாவின் முழு உரையும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கும். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, புள்ளியையும் உகரத்தையும் நானே □ஆக மாற்றி, உடைந்த வடிவம் ஒரு பக்கம், முழு வடிவம் ஒரு பக்கம் என்று பட்டியல் செய்தேன். என் பதிவில் உள்ள உடைந்த சொல்லை அந்தப் பட்டியலில் தேடினால் முழுச் சொல் கிடைக்கும். இதில் நிறையச் சொற்கள் திரும்பின. ஆனால் தமிழில் ஒரு வேர்ச்சொல்லோடு வேற்றுமை, காலம், இடம், உம், ஏ, ஓ எல்லாம் ஒட்டிக்கொண்டே போகும். ‘உட்கார்ந்துகொண்டிருந்தவளையும்’ போன்ற சொல் எந்தப் பட்டியலிலும் இருக்காது. என் எழுத்து பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது. கலைக்களஞ்சிய நடை அதற்குப் பாதிதான் உதவும்.

அங்கேதான் பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் வந்து நின்றது. தேர்வுக்காகப் படித்து மறந்திருந்த மொழிமுதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாக நிபந்தனை வரிகளாக மாறின.

மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. எனவே சொல்லின் முதல் எழுத்தில் □ இருந்தால் உகரம்: ப□த□தகம□ என்பதில் முதல் எழுத்து ‘பு’. வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. எனவே கடைசி க, ச, ட, த, ப, ற மேல் இருப்பது உகரம்: வீடு, காற்று, எழுத்து. க், ச், த், ப் நான்கும் தமக்குப் பின் தம்மையே கொள்ளும். வேறு எழுத்து வந்தால் அங்கே புள்ளி இருக்க முடியாது. எழ□த□கிறேன□ என்பதில் த□வுக்குப் பின் க வருகிறது, ஆகவே அது ‘து’. இரண்டு மெய் அடுத்தடுத்து வந்தால், முன்னால் இருப்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: காய்ச்சல், பார்த்து, வாழ்த்து. தனிக்குறிலை அடுத்து ர், ழ் என்ற மெய்கள் வராது. இந்த ஒரு விதி மட்டுமே ‘ஒரு’, ‘இருக்கிறது’, ‘வருந்தி’, ‘பொருள்’, ‘எழுது’, ‘முழு’ என்று நாள் முழுக்கப் புழங்கும் சொற்களை ஒரே வீச்சில் மீட்டுக் கொடுத்தது. அந்த விதி வேலை செய்வதைத் திரையில் பார்த்த நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. □ நிறைந்த பத்தி ஒன்று, எண்டர் தட்டியதும், வாசிக்கும் அளவுக்குத் தெளிந்துவிட்டது.

மறுபடி அவர□கள□க□க□ பார்ப்போம். நான்கு □, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு, மொத்தம் 16 வடிவம். கடைசி க வல்லினம், ஆக ‘கு’. அதற்கு முன் இன்னொரு க. ஒரே வல்லினம் அடுத்தடுத்து வந்தால் முன்னது பெரும்பாலும் இரட்டிப்பின் புள்ளி, ஆக ‘க்’. இந்த ‘க்’குக்கு முன் ‘ள்’ வர முடியாது, ஆக ‘ளு’. மிஞ்சியது ர□ மட்டும். 16 வடிவம் இரண்டாகச் சுருங்கியது: அவர்களுக்கு, அவருகளுக்கு. பின்னது எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். அந்தச் சுவடிகளிலிருந்து பழைய நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் புள்ளி இல்லாத வரிகளைத்தான் நாள்தோறும் படித்தார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று இலக்கணத்தையும் பொருளையும் வைத்தே முடிவு செய்தார்கள். இதை முன்பே பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் என் சொந்த வரிகளே புள்ளி இல்லாமல் எதிரே வந்து நின்றபோதுதான், அந்தப் படிப்பு எத்தனை பெரிய உழைப்பு என்பது உறைத்தது. எனக்குக் கணினி இருந்தது, பட்டியல் இருந்தது, எழுதியதும் நானே. அவர்களுக்கு இந்த மூன்றும் கிடையாது.

விதி நின்ற இடங்கள்

முதல் சிக்கல் சந்தி. ‘படித்துப் பார்த்தேன்’ என்பதில் ‘படித்துப்’ வல்லின மெய்யில் முடிகிறது. வல்லினம் கடைசியில் வராது என்ற என் விதி அதை ‘படித்துபு’ ஆக்கியது. அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் புள்ளி என்று விதியைத் திருத்தினேன். இப்போது ‘அது தான்’ என்பது ‘அத் தான்’ ஆனது. கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் மீதி ஒரு முழுச்சொல்லாக நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் மட்டும் ஒற்று என்று வைத்த பிறகு இது பெருமளவு அடங்கியது.

அதைவிடப் பெரிய சிக்கல் கணினிச் சொற்கள். இலக்கண விதிகள் தமிழ்ச் சொற்களுக்கானவை. ‘சர்வர்’ அந்த விதியை மீறிய சொல். தனிக்குறிலை அடுத்து ‘ர்’ வருகிறது. என் ஸ்கிரிப்ட் அதை ‘சருவர்’ ஆக்கியது. ‘கர்சர்’ என்பது ‘கருசர்’, ‘பைட்’ என்பது ‘பைடு’, ‘டெக்ஸ்ட்’ என்பது ‘டெகுஸ்டு’. பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புலப்பட்டது. தர்மம் தருமம் ஆனதும் கர்மம் கருமம் ஆனதும் இதே விதியால்தான். பல நூற்றாண்டு முன்பு தமிழ் வேற்றுமொழிச் சொற்களை எப்படி உள்ளே வாங்கியதோ, அதே வேலையைத்தான் என் நிரலும் செய்துகொண்டிருந்தது. அந்தக் கணத்தில் பிழைகளின் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

ஆனாலும் திருத்த வேண்டுமே. பதிவுகளில் வந்த கணினிச் சொற்களை எல்லாம் கையால் பட்டியலிட்டு, விதிகளுக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி வைத்தேன். இதனால் ஒரு விசித்திரமான நிலை. வீட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதிய பதிவுகள் ஏறக்குறையத் தாமாகவே திரும்பின. நிரலைப் பற்றி எழுதியவை ஒவ்வொரு வரியாகக் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தன.

விதியும் பட்டியலும் சேர்ந்தே கைவிட்ட சொற்கள் உண்டு. நாட□கள□ என்பது நாட்களா, நாடுகளா? ட், ற் இரண்டும் க, ச, ப வரும் முன் புள்ளியோடு நிற்கலாம், எனவே இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. பட்டியலிலும் இரண்டும் இருக்கின்றன. கோட□ என்பது வரைந்த ‘கோடு’தானா, நிரலாக எழுதிய ‘கோட்’தானா என்பதும் அப்படியே. இவற்றை நிரலிடம் விடவில்லை. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் இரண்டு வரியோடு திரையில் காட்டச் செய்து, நானே படித்து, விசையைத் தட்டித் தேர்ந்தேன். இப்படி ஒரு வாரம் போனது. என் 15 வயது எழுத்தை இவ்வளவு மெதுவாக நான் படித்தது அதுதான் முதல் முறை.

சரிபார்க்கவும் ஒரு வழி இருந்தது. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் என் தளத்தின் சில பக்கங்கள் பதிவாகியிருந்தன. முழுப் பதிவுகள் கொஞ்சம்தான், மற்றவை முகப்பில் வரும் முதல் பத்திகள். அவற்றை முதலில் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தேன். என் மீட்பு முடிந்த பிறகு இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். பிழைகள் வந்த இடமெல்லாம் ஒற்று மிகும் இடங்களும், நான் பட்டியலில் விட்ட கணினிச் சொற்களும்தான். அவற்றைத் திருத்தி மறுபடி முழுவதும் ஓட்டினேன். முதலிலேயே அந்தப் பக்கங்களைப் பார்த்து ஸ்கிரிப்டைச் சரிசெய்திருந்தால், ஒப்பிட எதுவும் மிஞ்சியிருக்காது.

இப்போது என் பதிவுகள் ஒவ்வொன்றும் தனி உரைக்கோப்பாக, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற மென்பொருளின் களஞ்சியத்தில் இருக்கின்றன. எந்த மாற்றம் செய்தாலும் முந்தைய நிலை அழிவதில்லை. எந்த ஸ்கிரிப்டும் படித்த கோப்பிலேயே எழுதக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடும் இருக்கிறது. பிழையை விழுங்கும் தேர்வுகளை நான் எழுதும் நிரல்களில் இப்போது சேர்ப்பதில்லை. நின்றால் நிற்கட்டும், ஏன் நின்றது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி.

86 பதிவுகளில் 85 முழுதாகத் திரும்பின. மீதி ஒன்றில் ஒரே ஒரு □ இருக்கிறது. தங்கைக்கு மூன்று வயது இருக்கும்போது எழுதியது. விசைப்பலகைக்கு அவள் தானாக ஒரு பெயர் வைத்திருந்தாள். “அக்கா, அதைத் தா” என்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பாள். பதிவில் அது டொக□ என்று நிற்கிறது. வல்லினம் கடைசியில் வராது என்ற விதிப்படி ‘டொகு’. ஆனால் டக், படக் போன்ற ஒலிக்குறிப்புகள் வல்லின மெய்யிலேயே முடியும். தட்டும் சத்தத்தைக் கேட்டு அவள் ‘டொக்’ என்றும் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வேறு எந்தப் பதிவிலும் வரவில்லை.

அவளிடமே கேட்டேன். இப்போது எட்டு வயது. திரையில் அந்தச் சொல்லைக் காட்டி இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் சிரித்தாள். “நான் அப்படியா சொன்னேன் அக்கா? எனக்கு ஞாபகமே இல்லையே” என்றாள்.

அந்த □ அங்கேயே இருக்கிறது.